குதிரை வாத்தியாரின் மாணவிகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு இரண்டு வேலைகள்தாம் காத்திருந்தன. ஒன்று, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி எடுத்துப்போவது. இன்னொன்று, முதியோர் கல்வி மையத்தில் பாடம் சொல்வது. முதல் வேலையில் நான் தேறவில்லை. வந்தவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் எதிர்க்கேள்வி போட்டதாக அம்மா வெகுகாலம் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தாள். அதனால் இரண்டாவதற்குப் போனேன்.

அதற்கான பயிற்சி விழுப்புரத்தில் நடந்தது. பயிற்சியில் சொன்னது ஒன்றும் இப்போது நினைவில்லை. ஜங்ஷனுக்கு வெளியே நின்றிருந்த புத்தக வண்டிதான் நினைவிருக்கிறது. ரஷ்யாவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள், கெட்டி அட்டை, வழவழப்பான தாள். அதில் ஒன்றை வாங்கினேன். கிர்கிஸ் என்னும் மலைநாட்டில் தன் மக்களுக்கு முதல் அரிச்சுவடி எழுதிக் கொடுத்த ஒருவரின் வாழ்க்கைக் கதை. மொழிபெயர்ப்பு கொஞ்சம் விறைப்பு, அதில் ஆட்டுக்குட்டிகூட இலக்கணம் தவறாமல்தான் கத்தும். இருந்தாலும் பஸ் திண்டிவனம் வந்து சேர்வதற்குள் பாதி படித்துவிட்டேன்.

எனக்கு ஒதுக்கிய ஊர் செஞ்சி ரோட்டில் இருந்தது. பகலில் கழனி, பொழுது சாய்ந்தால் அடுப்பு என்று இருக்கும் பெண்களை எங்கே பிடிப்பது? மல்லாட்டை மண்டியில்தான், வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். விதைக்கு எடுக்கும் மல்லாட்டையை மெஷினில் போட மாட்டார்கள், பருப்பு பிளந்துவிடும். பெண்கள் கும்பலாக உட்கார்ந்து கையால்தான் உடைப்பார்கள். மண்டிக்காரர் சமணர், அந்தப் பக்கத்தில் நயினார் என்பார்கள். இருட்டின பிறகு ஒரு வாய் சாப்பாடு தொடாத குடும்பம். ஆகையால் பொழுதோடு மண்டியைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். வேலை ஓய்ந்து அவர் சாவியைக் கையில் எடுப்பதற்குள் கிடைக்கிற நேரம்தான் என் பள்ளிக்கூடம்.

"ஜல்தியா சொல்லிக் குடும்மா. எனக்காக சூரியன் நிக்க மாட்டான்" என்பார் நயினார். ஆனால் ஒருநாளும் விரட்டியதில்லை.

கை மல்லாட்டையை உடைத்தாலும் காது சும்மாதானே இருக்கிறது என்று, பாடம் தொடங்கும் முன்பே போய் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தேன். ஆடு மேய்க்கிற குடும்பத்துப் பிள்ளை. வீடு என்பது ஒரு கூடாரம், புல் தீர்ந்தால் மடித்துக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விடுவார்கள். எழுத்து கற்க அவர் வெகுதூரத்து நகரங்களுக்குப் போனார். அங்கே எல்லா மொழிக்கும் புத்தகம் இருந்தது, அவர் அம்மா பேசுகிற பேச்சுக்கு மட்டும் இல்லை. அதனால் தானே ஓர் அரிச்சுவடி எழுதி அச்சடித்துக் குதிரைமேல் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார். கூடாரம் கூடாரமாகப் போய்ப் பாடம் சொன்னார்.

"கூடாரத்த மடிச்சிக்கினு போயிட்டா பள்ளிக்கூடம் இன்னா ஆவறது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவரும் பின்னாலயே குதிரையில போவார்."

"நம்ம டீச்சரு டவுன் பஸ் போயிட்டாலே வரமாட்டாங்க" என்றாள் இன்னொருத்தி. மண்டி முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது, ஆனால் மறுநாளிலிருந்து பஸ்ஸை விடவில்லை.

அவர் பெயரை உச்சரிக்க எனக்கே மூச்சு வாங்கியது. அவர்கள் கவலைப்படவில்லை. மரியாதைக்குரிய ஆண்பிள்ளையின் பெயரைச் சொல்லி அவர்களுக்குப் பழக்கமே கிடையாது. குதிரை வாத்தியார் என்று வைத்துவிட்டார்கள்.

அவர்களில் கிளியனூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் அக்கா இருந்தாள். ஊரே அவளைக் கிளியனூராள் என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயரைச் சொல்லி அவளை யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. அவள் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் காசம். மாதாமாதம் திண்டிவனம் பெரியாஸ்பத்திரியில் மாத்திரை வாங்க வேண்டும், ஒருநாள்கூட விடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவரால் பஸ் ஏறி இறங்க முடியாது. அக்காதான் போக வேண்டும். ஜன்னலில் நோயாளியின் பெயரைச் சொன்னால் அவருடைய அட்டையைத் தேடி எடுத்து மாத்திரை தருவார்கள்.

அங்கேதான் பேஜார். புருஷன் பெயரை எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது அந்தப் பக்கத்துப் பெண்களின் நம்பிக்கை. ஏற்கெனவே இருமிக்கொண்டிருக்கிற மனுஷனின் பெயரைச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? அதுவரை கொழுந்தனார் கூடவே போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். கோட்டக்குப்பத்தில் வெளிநாட்டுப் பணத்தில் வீடுகள் எழும்ப ஆரம்பித்ததும் கொத்து வேலைக்கு அங்கே போய்விட்டார். அக்கா தனியாகப் போனாள். ஜன்னல்காரர் பெயர் கேட்டார். "சாமி பேருங்க. மலைமேல நிக்கிற சாமி" என்றாள். மலைமேல் நிற்காத சாமி எது? அவரும் பொறுமையாக ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தார், இவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பின்னால் வரிசை கத்தியது. வெறுங்கையோடு திரும்பிவந்தாள். மறுநாள் ஓர் ஆளைக் கெஞ்சிக் கூட்டிப்போய் வாங்கி வந்தாள், அதன்பிறகு மாதாமாதம் அதே பாடு.

"யாரு தொணையும் இல்லாம போயி வாங்கியாறணும் டீச்சர். அவ்ளோதான் எனக்கு வேணும்" என்றாள் என்னிடம். பஸ் போர்டும் ஆஸ்பத்திரி போர்டும் படிக்கத் தெரிந்தால் பாதி தைரியம் வந்துவிடும், மீதியை அப்புறம் பார்க்கலாம் என்பது அவள் கணக்கு. மற்றவர்கள் கொட்டாவி விடுகிற நேரத்தில்கூட அவள் சிலேட்டை விடமாட்டாள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் எழுத்துக்கூட்டாமலே வாசிக்க ஆரம்பித்திருந்தாள்.

அப்போதுதான் சோதிக்க வந்தார் விழுப்புரத்து அதிகாரி. ஜீப், சஃபாரி உடுப்பு. நல்ல மனிதர்தான், ஆனால் சிரிப்பை ஆபீசில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிற ரகம். எங்கள் பாடப் புத்தகத்தில் ஓர் உழவன் குடும்பம் அட்டை முதல் அட்டை வரை சுற்றிக்கொண்டிருக்கும். அந்த உழவனுக்கு அக்கா வீட்டுக்காரரின் பெயர். வகுப்பில் அந்த இடம் வரும்போதெல்லாம் நானே வாசித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். அது ஒரு பெரிய விஷயமாக ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதிகாரி அக்காவிடம் புத்தகத்தை நீட்டினார். இன்னான் ஏர் ஓட்டினான் என்று அதில் இருந்தது. அந்த இன்னானை அக்கா சொல்லவில்லை, நானும் இங்கே எழுதப்போவதில்லை.

அக்கா விரலை வைத்து, தெளிவாக, கணீரென்று வாசித்தாள். "எங்க பாப்பாவோட அப்பா ஏர் ஓட்டினாருங்க."

அதிகாரி புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தார். அதை அடுத்தவளிடம் கொடுத்தார். அடுத்த வரியில் உழவனின் பசு பால் கொடுக்கிறது. அந்தப் பசுவின் பெயர் இவளுடைய மாமியாரின் பெயர். அவளும் சற்றும் தயங்காமல் வாசித்தாள். "எங்க மாமியாரு பால் குடுத்தாங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நயினார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார். அதிகாரி மட்டும் அசையவில்லை.

"படத்தப் பாத்து அவங்களா எதையோ சொல்றாங்க. எழுத்து ஒண்ணும் தெரியலம்மா. இந்த மையத்த அனந்தபுரத்துப் பக்கம் மாத்திடறோம்" என்றார். அது அவர்கள் வாயால் சொல்லக்கூடாத பெயர் என்று விளக்கத் தொடங்கினேன். "எல்லார் குடும்பத்துலயும் இந்தப் புஸ்தகத்துல இருக்கற பேருதானா?" என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மறுநாள் விழுப்புரம் ஆபீசுக்கே போனேன். மையம் மூடினால் அக்கா ஜன்னலுக்கு முன்னால் தலையாட்டிக்கொண்டு நிற்பதுதான் கண்ணில் வந்தது. அதிகாரி பாதி கேட்டுவிட்டுக் கையமர்த்தினார்.

"சார், உங்க வீட்டம்மா உங்க பேரைச் சொல்லுவாங்களா?" என்றேன்.

பக்கத்து மேஜைக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அதிகாரி பேனாவை மூடி வைத்தார்.

"சொல்ல மாட்டாங்க. ஆனா அவங்களுக்குப் படிக்கத் தெரியும்னு எனக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியும்னு நான் எப்படி நம்பறது? இன்னொரு தடவை வர்றேன். நம்பற மாதிரி செஞ்சு காட்டுங்க."

என் வாய் எனக்கு வாங்கிக் கொடுத்த முதல் நல்ல காரியம் அது.

அன்றிரவு சாப்பிட்டுக்கொண்டே குதிரை வாத்தியாரை மறுபடி புரட்டினேன். முன்பு படித்தபோது தாண்டிப்போன ஒரு பக்கம் கண்ணில் பட்டது. அங்கேயும் மருமகள்கள் புருஷனைச் சேர்ந்த பெரியவர்கள் பெயரைச் சொல்ல மாட்டார்களாம். ஒருத்தியின் மாமனார் பெயர் அந்த ஊர்ப் பேச்சில் இரும்பு. அதனால் இரும்புச் சட்டியைக்கூட அவள் கறுப்புக் கெட்டி என்றுதான் சொல்வாளாம். வாத்தியார் அவளைத் திட்டவில்லை. அவளுக்காகப் பாடத்தில் வேறு சொல் போட்டாராம்.

மறுநாள் அதை மண்டியில் வாசித்தேன். மல்லாட்டை உடைக்கிற சத்தம் நின்றுவிட்டது.

"அங்கயுமா?" என்றாள் கிளியனூர் அக்கா. "அந்தக் குளுருலயும் நம்மள மாதிரி மாட்டிக்கினு இருக்கறாளுங்களா?"

அன்றைக்குத்தான் அந்த மலைநாடு அவர்களுக்கு அக்கம்பக்கம் ஆனது. கதை கேட்பது போய், உறவுக்காரர் வீட்டு விசேஷம் விசாரிப்பதுபோல் விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

வாத்தியார் காட்டிய வழியிலேயே போவோம் என்று உழவனுக்கு வேறு பெயர் தேடினேன். ஒரு பெயர் சொன்னேன். "ஐயே, அது எங்க பெரிய மாமனாரு" என்றாள் ஒருத்தி. இன்னொன்று சொன்னேன். "அது எங்க மச்சாண்டாரு." சாமி பெயர்கள், சினிமாக்காரர் பெயர்கள், எல்லாம் யாரோ ஒருத்தியின் வாசலில் போய் முட்டிக்கொண்டன. ஊருக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த இடத்தில் எவன் பெயர் மிச்சமிருக்கும்? கடைசியில் யாருக்கும் உறவில்லாத ஒரே ஆண்பிள்ளை குதிரை வாத்தியார்தான். அந்தப் பெயரை என்னாலேயே சொல்ல முடியவில்லை. ஆகவே பெயரே இல்லாத ஒரு பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் படிக்க வைத்தேன். மழை பெய்தது, ஏரி நிரம்பியது என்று போகும் அது.

புத்தகமும் அந்த வாரம் முடிந்தது. "அப்புறம் இன்னா ஆனாரு?" என்று கேட்டார்கள். அத்தோடு முடிந்துவிட்டது என்றேன். கிளியனூர் அக்கா நம்பவில்லை. "இவ்ளோ செஞ்சவரு எப்பிடி செத்தாருன்னு எழுதாம உடுவானுங்களா? என்னமோ மறைக்கறானுங்க டீச்சர்." பல வருஷங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. அப்படி முதன்முதலாக எழுத்து கொடுத்தவர்கள் பலரைப் பிற்பாடு, புத்தகத்தை அச்சடித்த அந்த சோவியத் அரசாங்கமே சிறையில் தள்ளி முடித்திருந்தது. புத்தகத்தில் எழுதாமல் விட்டதையும் சேர்த்து அக்கா படித்திருந்தாள்.

அதிகாரி சொன்னபடி வந்தார். மண்டிக்கு முன்னால் மல்லாட்டை காயப்போடும் சிமெண்டுக் களம், அதில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. அவர் கரும்பலகையை ஒருமுறை பார்த்தார்.

"இது உங்க டீச்சர் எழுதிப் போட்டது. மனப்பாடம் பண்ணியிருப்பீங்க" என்று சொல்லி, பழைய பாடப் புத்தகத்தை எடுத்தார். அதே பக்கம், அதே உழவன். "இதைப் படிங்க" என்று முன்வரிசையில் இருந்த அக்காவுக்குக் காட்டினார்.

அக்கா பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அவர் சற்றுப் பொறுத்துப் புத்தகத்தை மூடிக்கொண்டார். நயினார் வானத்தைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை.

அக்கா எழுந்து வந்தாள். என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினாள்.

"வாயால சொல்லக்கூடாதுன்னுதாங்க எங்களுக்கு சொல்லியிருக்காங்க" என்றாள் அதிகாரியிடம். "கையால எழுதக்கூடாதுன்னு யாரும் சொல்லலீங்களே."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். களத்துச் சிமெண்டில் பெரிய பெரிய எழுத்தாகத் தன் புருஷன் பெயரை எழுதினாள். பக்கத்தில் ஏர் ஓட்டினார் என்று எழுதி முடித்து நிமிர்ந்தாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் அவளிடமிருந்து வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. எழுதிக் காட்டலாம் என்று பி.ஏ. படித்த எனக்கும் தோன்றவில்லை, விழுப்புரத்து ஆபீசுக்கும் தோன்றவில்லை, அந்தக் குதிரை வாத்தியாருக்கே தோன்றியதாகப் புத்தகத்தில் இல்லை.

அதிகாரி குனிந்து சத்தமாக வாசித்தார். பெயரைக் கேட்டதும் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டார்.

"இதுல ஓட்டினான்னு இருக்கு. நீங்க ஓட்டினார்னு எழுதியிருக்கீங்க."

"புஸ்தகம் எழுதினவருக்கு அவரு யாரோ" என்றாள் முந்தானைக்குள்ளிருந்தே. "எனக்கு அப்பிடிங்களா?"

ஆபீசில் பூட்டி வைத்த சிரிப்பு அங்கே வந்துவிட்டது. மனிதர் களத்திலேயே உட்கார்ந்து சிரித்தார். அதற்குள் மற்றவர்கள் சாக்பீஸுக்கு அடித்துக்கொண்டார்கள். கிடைக்காதவர்கள் கரித்துண்டு பொறுக்கி வந்தார்கள். புருஷன், மாமனார், மச்சாண்டார் என்று களம் முழுக்கப் பெயர்கள். சில எழுத்துக்குக் கால் விழவில்லை, சிலவற்றுக்குக் கொம்பு கோணிற்று. அதிகாரி ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு பெயருக்கும் ஒருத்தி வெட்கப்பட, மற்றவர்கள் அவளை இடித்துச் சிரித்தார்கள். அன்றைக்கு நயினார் பட்டினிதான், இருட்டிவிட்டது.

"அனந்தபுரத்துக்கு வேற மையம் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார் அதிகாரி.

மறுநாள் காலையில் புதுச் சிக்கல். மல்லாட்டை காயப்போட வேண்டும், ஒருத்தியும் களத்தில் கால் வைக்கவில்லை. ஓரமாக வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஊட்டுக்காரர் பெயரை யார் மிதிப்பது? சரி, தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள் என்றார் நயினார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். உயிரோடு இருக்கிற மனுஷன் பெயரைத் துடைப்பத்தால் அழிப்பார்களா? நயினார் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் மூட்டை தூக்குகிற ஆண்கள்தான் அன்றைக்கு மல்லாட்டையைக் கொட்டிப் பரப்பி, வெயிலில் காலால் கிளறிக்கொண்டு கிடந்தார்கள். இவர்கள் நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். மையம் நின்றுபோகாததைவிட அந்த ஒருநாள் ஓய்வைத்தான் வெகுநாள் பெருமையாகப் பேசினார்கள்.

அந்த மாதம் மாத்திரை வாங்கும் நாளில் அக்கா திண்டிவனம் வந்தாள். நான் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும், "கூட வராதீங்க டீச்சர், இங்கியே இருங்க" என்றாள். நானும் தூணோரம் நின்றுகொண்டேன்.

ஜன்னலில் அதே ஆள். இவளை அடையாளம் தெரிந்துவிட்டது, முகம் அப்போதே சுருங்கியது. "பேரு?" என்றார்.

அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து சாக்பீஸை எடுத்தாள். ஜன்னல் பலகையில் புருஷன் பெயரை எழுதினாள். அவர் தலையைச் சாய்த்து வாசித்தார். உரக்கவே வாசித்தார். உள்ளே திரும்பி அட்டையைத் தேடி எடுத்துவந்தார்.

"இவருதான?"

"அவருதான்" என்றாள் அக்கா.

மாத்திரையை எண்ணி வைத்துவிட்டு அவர் கேட்டார். "வாங்கற உங்க பேரு?"

தன் பெயரைச் சொல்ல அவளுக்கு என்ன தடை? இத்தனை வருஷம் கிளியனூராள் கிளியனூராள் என்று கேட்ட காதுக்கெல்லாம் சேர்த்துச் சொல்வதுபோல், வரிசையின் கடைசியில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்படி, உரக்கச் சொன்னாள்.